அமசியாரப்பாவின் மூச்சு

கோரைப்பட்டினத்தில் ஒருவர் ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடங்களாகச் செத்துக்கொண்டிருந்தார், அதனாலேயே அந்த ஊர்க்காரர்களுக்கு எதிலும் அவசரம் இருந்ததில்லை. பேருந்து வராவிட்டாலும், மின்சாரம் போனாலும், கல்யாணம் தள்ளிப்போனாலும், அமசியாரப்பாவை ஒரு தடவை நினைத்துக்கொண்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உப்பளத்துக்கும் படகுத் துறைக்கும் நடுவில், கடலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்த பவளக் கல்லால் கட்டிய ஒரு பழைய வீட்டில், மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, பனையோலைப் பாயில் கால்களை மடக்கி, உள்ளே இழுத்த மூச்சை வெளியே விடாமல் அவர் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து சற்றே முன்னால் வந்திருக்கும். சாகப்போகிறவரின் தளர்ச்சி என்று எல்லாரும் சொல்வார்கள். கண் பாதி மூடியிருக்கும், உடம்பில் சூடு இருக்கும், தாடியும் நகமும் மட்டும் வளராது.

சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வருகிற டாக்டர்கள் முதல் வாரமே வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார்கள், நாடி இருக்கும், மூச்சு இருக்காது, கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்த ஆசிரியை வயது என்ற கட்டத்தில் மூன்று இலக்கத்துக்கு மேல் இடமில்லை என்பதைக் கண்டு, நூறு என்று எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் 'மேல்' என்று சேர்த்தாள். உப்பளத்துப் பெண்கள் அவரைச் சாமி என்றார்கள், துறையில் பெரியவர் என்றார்கள், பள்ளிவாசல் தெருவில் அப்பா என்றார்கள், அவர் என்ன மதம் என்று யாராவது வெளியூர்க்காரன் கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யூதர், ஆனால் நம்ம ஊர்க்காரர்தான் என்றார்கள்.

அவர் வந்த கதை ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். எருசலேமில் கோயில் எரிந்து, பிழைத்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போன காலத்தில், ரபி அமசியா என்ற அந்த ஆசான் மிளகு ஏற்றப் புறப்பட்ட ஒரு கப்பலில் ஏறினார், கச்சான் என்கிற மேல்காற்று அந்தக் கப்பலை மிளகுக் கரையில் நிறுத்த விடாமல் குமரிமுனையைச் சுற்றித் தள்ளிவந்து இந்த மணலில் போட்டது. கூடவே ஏலி, நாத்தான் என்று இரண்டு சீடர்கள். படிப்பைக் காட்டிச் சோறு தின்னக் கூடாது என்பது அவர்கள் ஆட்களின் கட்டுப்பாடு, ஆகையால் அவர் செருப்புத் தைத்தார். ஊரே வெறுங்காலோடு மணலில் நடக்கிற இடத்தில் செருப்புத் தைக்கிறவருக்கு என்ன வேலை இருக்கும்? பேச நிறைய நேரம் இருந்தது. பேச என்பதைவிடக் கேட்க என்று சொல்வதே சரி. மொழி தெரியாத முதல் வருடத்தில், எதிரே உட்கார்ந்தவரின் வாயைப் பார்த்து 'உம்' கொட்டிக் கொட்டியே தமிழைக் கற்றுக்கொண்டார், தமிழ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. புதிதாக ஒன்றைச் சொன்னால் 'உம்' என்பார்; சொன்னதையே திருப்பிச் சொன்னால் எவ்வளவு நேரமானாலும் வாயைத் திறக்கமாட்டார்.

வழக்கு என்று வருகிறவர்களுக்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். உன் நியாயத்தைச் சொல்லுமுன் எதிராளியின் நியாயத்தை நீ சொல்ல வேண்டும், அதுவும் எதிராளி கேட்டுவிட்டு, ஆமாம், இதைத்தான் நானும் சொல்ல வந்தேன் என்று ஒப்புக்கொள்கிற அளவுக்கு நன்றாகச் சொல்ல வேண்டும். பாதி வழக்கு அங்கேயே முடிந்து, வந்தவர்கள் ஒன்றாகத் திரும்பிப் போவார்கள். மீதியில் பாதியை அவர் தீர்த்துவைப்பார். இரண்டு பக்கமும் சரியாகவே இருந்துவிட்டால், கொஞ்சமும் வெட்கப்படாமல், எனக்குத் தெரியவில்லை, நிற்கட்டும் என்பார். பெரிய படிப்பாளி தெரியவில்லை என்று சொல்வதை ஊர் அதுவரை கேட்டதில்லை, அதற்காகவே அவரை மதித்தது.

நாற்பது வருடம் இப்படிப் போனது. ஒரு தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது சீடர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வழக்கு வந்தது. என் எலும்பாவது ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கப்பல் ஏறும்போது சத்தியம் வாங்கினாரே, ஆகையால் அங்கே கொண்டுபோக வேண்டும் என்றான் ஏலி. நாற்பது வருடம் சோறு போட்ட மண்ணை உதறிவிட்டுப் போவது நன்றிகெட்ட காரியம், இங்கேதான் அடக்கம் என்றான் நாத்தான். முறைப்படி ஒருவன் நியாயத்தை மற்றவன் எடுத்துச் சொன்னான், இரண்டுமே சரியாக இருந்தது. பெரியவர் இரண்டையும் கேட்டார், நிற்கட்டும் என்றார், ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். இழுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

சீடர்கள் காத்திருந்தார்கள், கிழவர்களானார்கள், செத்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருடத்துக்கு ஒருமுறை அதே வெள்ளிக்கிழமையில் அந்த வழக்கை அவர் முன்னால் பேசினார்கள். ஊரிலிருந்த யூதக் குடும்பங்கள் பிற்காலத்தில் ஒவ்வொன்றாகக் கொச்சிப் பக்கம் போனபோது, கடைசியாகப் போன குடும்பம் ஏலியின் பக்கத்தை ஒரு படகுக்காரக் குடும்பத்திடமும் நாத்தானின் பக்கத்தை ஒரு முத்துக் குளிப்பவர் குடும்பத்திடமும் ஒப்படைத்துவிட்டுப் போனது. அந்த இரண்டு குடும்பமும் பிறகு மதம் மாறின, ஒன்று பள்ளிவாசலுக்கும் ஒன்று மாதா கோயிலுக்கும் போயிற்று, வழக்கை மட்டும் இரண்டுமே மாற்றவில்லை. யூதர் முறைப்படி வழக்குப் பேசுகிற அன்று ஊரில் எந்த வீட்டிலும் இறாலும் நண்டும் அடுப்பில் ஏறாது, செதிள் உள்ள மீன்தான், அதிலும் விளைமீன் குழம்புதான் என்பதையும் மாற்றவில்லை.

மாறக்கூடாது என்பதில் ஊர் கொஞ்சம் அளவுக்கு மீறியே போய்விட்டது என்று சொல்ல வேண்டும். வழக்கு நிற்கிற அறையில் வழக்கின் சொற்களைத் தவிர வேறு பேச்சு எழக்கூடாது என்று சீடர்கள் காலத்திலேயே ஒரு கட்டுப்பாடு இருந்தது. பின்னால் வந்தவர்கள், அந்தச் சொற்களிலும் ஒன்றுகூட மாறக்கூடாது என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஆகவே ஏலியும் நாத்தானும் அன்று சொன்னது எதுவோ அதுவே, அதே ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் ஏலிக்கு வந்த இருமல் உட்பட, தலைமுறை தலைமுறையாக அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் நாத்தான் பக்கம் எழுந்து, "கடல் பெரிது, கப்பல் சிறிது, வழி எங்கே?" என்று கேட்கும், ஏலி பக்கத்திடம் அதற்குப் பதில் இருக்காது, நிற்கட்டும் என்று ஊரே ஒரு குரலில் சொல்லிவிட்டுக் குழம்புக்குப் போகும்.

ஏலியின் பக்கம் இப்போது ரஹ்மத் நாச்சியாவிடம் இருந்தது. ஐம்பது வயது, கணவர் காலமாகி வெகு காலம், காலையில் இடியாப்பம் அவித்துத் தெருவுக்கெல்லாம் கொடுக்கிறவள். கோரைப்பட்டினத்தில் அவளைப் போல் பேசுகிறவர் கிடையாது. இடியாப்பம் வாங்கப் போனால் ஆறிப்போன பிறகுதான் திரும்பலாம் என்பார்கள். அப்படிப்பட்டவள்தான் பதினெட்டு வயதில் தன் உம்மாவிடமிருந்து அமசியாரப்பாவைப் பார்த்துக்கொள்கிற வேலையை ஏற்றுக்கொண்டாள். தினமும் காலையில் ஈரத் துணியால் முகத்திலும் கையிலும் படிந்த உப்பைத் துடைப்பாள், வெள்ளிக்கிழமை தாடியைச் சீவுவாள், பாயை வெயிலில் போட்டு எடுப்பாள், அந்த அரை மணி நேரமும் வாயைத் திறக்க முடியாது. வாசல்படியைத் தாண்டும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். அடுத்த வீட்டுச் சண்டை, கடலில் நடந்த விபத்து, நாத்தனார் முறை மச்சியோடு பேச்சு முறிந்தது, எல்லாம் தொண்டைவரை வந்து முட்டும், விழுங்கிக்கொள்வாள். அந்த முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது உலகத்தில் வேறு யாரிடமும் சொல்லத் தோன்றாதது எல்லாம் இவரிடம் சொல்ல வேண்டும்போல இருக்கும்.

நாத்தானின் பக்கம் கஸ்பாரிடம் இருந்தது. நாச்சியாவுக்கு நாலு வயது இளையவர், முத்துக் குளித்த குடும்பம், இப்போது படகுக்காரர், கரையில் இருக்கும்போது வலையைத் தைத்துக்கொண்டிருப்பார். வருடத்தில் அந்த ஒரு நாள் அரை மணி நேரம் வழக்குப் பேசுவாரே, அதுதான் அவர் பேசுகிற பேச்சு. மற்ற நாளெல்லாம் தலையசைப்பும் கையசைப்பும்தான். இருவரும் சிநேகிதர்கள், அவளுக்கு அவர் தம்பி, அவருக்கு அவள் லாத்தா, அதாவது அக்கா. அங்கே கொண்டுபோக வேண்டும் என்று வருடா வருடம் நியாயம் பேசுகிற நாச்சியாவுக்கு அமசியாரப்பா போவதில் துளியும் இஷ்டமில்லை என்பதும், இங்கேதான் என்று பேசுகிற கஸ்பாருக்குச் சத்தியத்தை நிறைவேற்றவில்லையே என்று உள்ளூர உறுத்தல் உண்டு என்பதும் இருவருக்கும் தெரியும். தோற்கத்தான் போகிறோம் என்ற தைரியத்தில் நாச்சியா ஒவ்வொரு வருடமும் மிக நன்றாகப் பேசினாள்.

அந்த மார்கழியில்தான் ரூத் வந்து இறங்கினாள். அறுபது வயதுக்கு மேலிருக்கும், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், கையில் ஒரு பெட்டியும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவும். தாய்வழியில் கொச்சிக்காரி, சின்ன வயதிலேயே இஸ்ரேலுக்குப் போய் அங்கே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தாயிடம் கற்ற மலையாளத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகப் பேசினாள். நாச்சியாவின் வீட்டில்தான் தங்கினாள், தங்கிய முதல் நாளே பேச்சில் நாச்சியாவுக்கு ஈடு கொடுத்தாள். பிஸ்கட் டப்பாவில் இருந்தது எருசலேம் மண். கொச்சியில் தங்கிவிட்ட சின்னம்மா இறந்தபோது வர முடியவில்லை, இப்போது போய்க் கல்லறையில் தூவிவிட்டு வருகிறேன், அடியில் ஒரு பிடி மிஞ்சியிருக்கிறது, எறிய மனமில்லை என்றாள்.

பிறகு பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்தாள். எங்கள் குடும்பம் ஏலியின் வழி, அம்மா சாகும்போது அந்தச் சத்தியத்தை மட்டும் நிறைவேற்றிவிடு என்றாள், அதனால் எருசலேமில் ஒரு மலைச் சரிவில் கல்லறைக்கு இடம் கேட்டு வாங்கிவிட்டேன், அப்பாவை எப்படி ஏற்றுவது என்று விமானக்காரர்களிடம் நாலு மாதம் பேசினேன், அவர் பயணியா பிரேதமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, கடைசியில் சக்கர நாற்காலியில் வருகிற பயணி என்று போட்டுக்கொண்டார்கள், இதோ டிக்கெட் என்று மூன்று தாள்களை நாச்சியாவின் கையில் வைத்தாள். வழி எங்கே என்று இனிமேல் யாரும் கேட்க முடியாது என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சந்தோஷம் உண்மையானது, ஆகையால் நாச்சியாவும் சிரிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் அவித்த இடியாப்பத்தில் உப்பு இல்லை, தெருவே சொன்னது.

செய்தி ஊரெல்லாம் பரவியது. வழக்கு தீர்ந்தால் நின்ற மூச்சு வெளியே வரும், வந்தால் அவர் இறப்பார், இறந்தவர் ஊருக்குப் போவார், அவ்வளவுதான், இதில் யாருக்கும் சந்தேகமில்லை. உப்பளத்துப் பெண்கள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இனி இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அவசரப்பட வேண்டியிருக்குமே என்று தேநீர்க் கடையில் கவலைப்பட்டார்கள். அப்பா முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பது எந்தக் கட்டுப்பாட்டையும்விடப் பழையது, ஆகவே கஸ்பார் கேட்டால் நாச்சியா வழி இருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். கேட்காமல் விட்டால் வழக்கு கெட்டுவிடும், ஆகவே கஸ்பார் கேட்டே ஆக வேண்டும். இதைப் பேசுவதற்காகவே கஸ்பார் ஒரு நாள் மெனக்கெட்டு நாச்சியா வீட்டுக்கு வந்தார், வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லாமல் இரண்டு விளைமீனை வைத்துவிட்டுப் போனார்.

தை மாதக் கடைசி வெள்ளி வந்தது. காலை வெயில் பவளச் சுவரில் ஏறியபோது அறையும் வாசலும் தெருவும் நிறைந்திருந்தது, ரூத் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல இருவரும் அவருக்கு முன்னால் எதிரெதிரே நின்றார்கள். முதலில் நாச்சியா நாத்தானின் நியாயத்தைச் சொன்னாள், கஸ்பார் ஆமாம் என்றார். பிறகு கஸ்பார் ஏலியின் நியாயத்தைச் சொன்னார், அந்த இருமல் வருகிற இடத்தில் இருமினார், நாச்சியா ஆமாம் என்றாள். பிறகு அவரவர் நியாயம். சத்தியத்தைப் பற்றி அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவள் உம்மா சொன்னது, உம்மாவின் உம்மா சொன்னது, இன்றைக்கு ஒவ்வொன்றும் தன்னையே தள்ளிக்கொண்டு போவதுபோல இருந்தது அவளுக்கு. கஸ்பார் கடைசிக்கு வந்தார். குரல் உடைந்தது, ஆனாலும் கேட்டார், கடல் பெரிது, கப்பல் சிறிது, வழி எங்கே?

நாச்சியா டிக்கெட்டைக் கையில் எடுத்தாள். நிற்கட்டும் என்று சொல்லப் பழகிய ஊர் வாயைத் திறந்தபடியே காத்திருந்தது.

"வழி இருக்கு தம்பி," என்றாள். "இந்தா டிக்கெட்டு. இல்லன்னு நான் சொல்ல முடியாது."

அதோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாச்சியா கஸ்பாரைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தைத் திருப்பி, இத்தனை நூற்றாண்டில் யாரும் செய்யாத ஒன்றாக, அமசியாரப்பாவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"முப்பத்திரண்டு வருசமா ஒங்க தாடியச் சீவுறேன். இங்க வந்து ஒரு சொல்லு பேசுனதில்ல. எங்க உம்மா மவுத்தான அன்னிக்குக்கூட வந்து முகத்தத் தொடச்சிட்டு, வாயப் பொத்திக்கிட்டுப் போயிட்டேன். ஒங்கள்ட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்துச்சு. நீங்க போறதுதான் நியாயம். நீங்க போறது எனக்குப் புடிக்கல. ரெண்டும் உண்மையா இருக்கு. இத எந்தப் பக்கத்துல சேக்கணும்னு எனக்குத் தெரியல."

வழக்கின் சொல் அல்லாத சொல் அந்த அறையில் விழுந்ததைக் கேட்டுப் பின்னால் யாரோ நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். கூரையில் இருந்த புறா இடம் மாறி உட்கார்ந்தது. அப்போது அமசியாரப்பாவின் நெஞ்சு மெல்லத் தாழ்ந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடத்து மூச்சு, கொஞ்சம் செருப்புத் தோல் வாசனையோடு, மூக்கு வழியாக வெளியே வந்தது, வரும்போது அதில் ஒரு சத்தம் இருந்தது.

"உம்," என்றார் அவர்.

பிறகு புதிதாக ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, சாய்ந்த தலையை இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்த்து, மேலே சொல் என்பதுபோல அப்படியே இருந்தார்.

வழக்கு நாளின் அரை மணி நேரம் முடிந்துவிட்ட பிறகும் கஸ்பார் வாயைத் திறந்தார், அதுவே ஊருக்கு இரண்டாவது அதிசயம்.

"அவரு சாகல லாத்தா," என்றார். "கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. நாமதான் சொன்னதையே சொல்லிட்டு இருந்திருக்கோம்."

ரூத் அழுதாள், சிரித்தாள், டிக்கெட்டை வாங்கி மடித்துப் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தாள். கேட்டுக்கொண்டிருக்கிற மனிதரை நடுவில் எழுப்பிக்கொண்டு போவது எந்த ஊர் மரியாதை என்று கேட்டாள். விசா ஆறு மாதத்துக்கு இருந்தது, ஆறு மாதமும் தங்கினாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை. கட்டுப்பாடு ஒரே நாளில் காற்றில் பறந்தது, ஊரே செய்தியோடு வந்து வரிசையில் நின்றது, புதிதாக ஒன்றைச் சொன்னால் உம் என்று ஒரு மூச்சை விட்டு இன்னொன்றை இழுத்துக்கொண்டார், பழையதைச் சொன்னால் இழுத்த மூச்சோடு சும்மா இருந்தார். டாக்டர் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து எண்ணிவிட்டு, செய்திக்கு ஒரு மூச்சு என்று குறித்துக்கொண்டார். புதிதாகச் சொல்வது இவ்வளவு கஷ்டமா என்று ஊர் அப்போதுதான் கண்டது. மேடையில் பேசிப் பழகிய ஒருவர் மாலையோடு வந்து முக்கால் மணி நேரம் பேசினார், ஒரு மூச்சுகூட வாங்க முடியாமல் மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். உப்பளத்துப் பெண் ஒருத்தி வந்து, எனக்கு உப்பு வெள்ளையாக மின்னுவதைப் பார்க்க இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது, வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னாள், அதற்கு ஒரு நீண்ட உம் கிடைத்தது, அவள் மாதம் முழுக்க அந்த நினைப்பிலேயே நடந்தாள். இரண்டு சகலைகள் தங்கள் பழைய சண்டையை அவர் முன்னால் கொண்டுவந்து எத்தனை விதமாகச் சொல்லியும் உம் கிடைக்கவில்லை, கடைசியில் மூத்தவர் தப்பு தன்மேல்தான் என்றார், உம் வந்தது.

கஸ்பார் மட்டும் எதுவும் சொல்லவில்லை. தினமும் வலையோடு வந்து மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே கேட்டார். இரண்டு பேர் கேட்கிற வீட்டில் பேசுவது சுகமாக இருக்கிறது என்று நாச்சியா சொன்னாள். முப்பத்திரண்டு வருடம் விழுங்கியதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள், பழைய செய்திதான், ஆனால் அவருக்குப் புதிது. கணவர் போன வருடம், பிள்ளை இல்லாத வருத்தம், அந்த வருத்தம் எப்போது போனது என்றே தெரியாமல் போன விதம், மச்சியோடு பேச்சு முறிந்தது, பிறகு போன வாரம் இடியாப்பத்தோடு போய்ப் பேசியது. அவளுக்கு உடம்பிலிருந்து ஒரு சுமை இறங்கியது, இடியாப்பம் பூப்போல அவிந்தது.

மூச்சு விடத் தொடங்கியவருக்கு மூச்சு ஒரு நாள் முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தாடியில் ஒரு வெள்ளை முடி புதிதாக வளர்ந்ததை நாச்சியா பங்குனியிலேயே பார்த்தாள், சீவிவிட்டுப் பேசாமல் இருந்தாள். ஆனி மாதம் கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வீசிய ஒரு வெள்ளிக்கிழமை காலை, சீப்போடு வந்து உட்கார்ந்தவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். மூலையில் கஸ்பார், ஜன்னல் பக்கம் ரூத்.

"இன்னிக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லப்பா," என்றாள். "சும்மா ஒங்க பக்கத்துல இருக்கலாம்னு வந்தேன்."

"உம்," என்றார் அமசியாரப்பா. இதுவரை யாருக்கும் கிடைக்காத நீளத்தில் அது வந்தது, வந்துகொண்டே இருந்தது, தாடி முடி அசைந்தது, பிறகு அவர் மூச்சை உள்ளே இழுக்கவில்லை.

நாச்சியா சீவி முடித்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் கஸ்பார் எழுந்து வந்து, சத்தியம் சத்தியம்தான் லாத்தா, அங்கேயே கொண்டுபோங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை என்றார். நாச்சியா, இல்லை தம்பி, உன் பக்கம்தான் நியாயம், இங்கேயே இருக்கட்டும் என்றாள். அவர் அங்கே என்று அழுத்தினார், இவள் இங்கே என்று அழுத்தினாள், இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்தது. வாசலில் நின்ற கூட்டத்துக்குத் திடீரென்று உறைத்தது, பக்கம் மாறியிருக்கிறதே தவிர வழக்கு அதே வழக்குதான், இப்படியே விட்டால் மனிதர் இன்னொரு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடம் நிற்க வேண்டியதுதான். ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள் என்று யாரோ பதறினார்கள். கோரைப்பட்டினத்துக்காரர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்பட்டார்கள்.

ரூத்தான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். டிக்கெட்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடியில் கிடந்த ஒரு பிடி மண்ணைக் காட்டினாள்.

"இந்த மண்ணு அங்கத்தது," என்றாள். "எருசலேமுக்கு வெளியே அடக்கமாகிற எங்க ஆளுங்களுக்கு இதைத் தலைக்கடியில் வைக்கிறது வழக்கம். கொச்சியில் எல்லாரும் அப்படித்தான் கிடக்கிறாங்க. படுக்கிறது இங்கே, தலை அங்கே."

நாச்சியாவும் கஸ்பாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏலிக்கும் நாத்தானுக்கும் அந்த வழக்கம் தெரியாமலா இருந்திருக்கும், ஊர் மண்ணைக் கொண்டுவர அப்போது கப்பல் இல்லையோ என்னவோ. இருவரும் தலையை ஆட்டினார்கள்.

பொழுது சாய்ந்தால் ரூத்தின் ஆட்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் பின்னால், கடல் தெரிகிற இடத்தில் கஸ்பாரும் துறைக்காரர்களும் குழி வெட்டினார்கள். வெள்ளைத் துணியைப் பள்ளிவாசல் தெருவிலிருந்து கொண்டுவந்தார்கள். ரூத் தன் தாய் சொல்லக் கேட்ட பிரார்த்தனையைச் சொல்ல நின்றாள், நின்றவள் தயங்கினாள், இதற்கு எங்கள் ஆட்களில் பத்து ஆண்கள் வேண்டும் என்றாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் பாதிரியாரும் உப்பளத்து ஆட்களும் டாக்டரும் கஸ்பாருமாகப் பத்துப் பேர் வந்து வரிசையாக நின்றார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், இவர்களைவிட அவருக்கு யார் சொந்தம், போதும் என்றாள். ஒரு பிடி மண்ணைத் தலைக்கடியில் நாச்சியாதான் வைத்தாள். அன்றைக்கும் ஊரில் விளைமீன் குழம்புதான்.

ரூத் அடுத்த வாரம் புறப்பட்டாள், டப்பாவில் கோரைப்பட்டினத்து மணலைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டாள், எதற்கு என்று கேட்டதற்குத் தன் தலைக்கு என்றாள்.

மறு வெள்ளிக்கிழமை காலை, பழக்கத்தில் கால் இழுத்துக்கொண்டு போக, நாச்சியா சீப்போடு அந்த வீட்டுக்கு வந்தாள், பாய் காலியாக இருந்தது, பின்பக்கம் போய்க் கல்லறைப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். சீப்பை மடியில் வைத்துக்கொண்டாள். ரூத் போய்ச் சேர்ந்துவிட்டாளாம், போன் வந்தது என்றாள். மச்சி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றாள். காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒரு நொடி நிறுத்தினாள். கடல் இரைந்துகொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள், காத்திருப்பது வீண் என்று தெரிந்தும் காத்திருந்தாள், இனி யாரிடம் சொல்வது என்று சீப்பின் பல்லை விரலால் நெருடினாள்.

அவளுக்குப் பின்னால், சுவர் நிழலில், வலையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த கஸ்பார் ஊசியை நிறுத்தினார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"உம்," என்றார்.